கூட்டத்துக்கு வந்த மந்தைக்காடு

மழை வரும் வரும் என்று வானம் கருத்துக் கருத்து, கடைசியில் காற்றை மட்டும் அனுப்பி ஏமாற்றிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், கிடைக்குறிச்சி என்கிற ஊரில், இருளாயி தன் புருஷன் வில்லாயுதத்தைக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள், புருஷன் வரவில்லை, காடு வந்தது. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போது பாதிப்பேருக்குச் சிரிப்பு வரும், மீதிப்பேருக்குக் கை தன்னால் கும்பிடப் போகும், ஆனால் அப்படி நடக்கவில்லை என்று சொல்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது.

காடு என்றால் மரமடர்ந்த மலைக்காடு இல்லை. ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கு அந்தாண்டை, பக்கத்து ஊரான கூத்தனேந்தல் எல்லை வரைக்கும் விரிந்துகிடந்த மந்தைக்காடு அது. சர்க்கார் கணக்கில் மேய்ச்சல் புறம்போக்கு. ஒருத்தருக்கும் பட்டா கிடையாது, அதனால் எல்லோரும் அதில் ஆடுமாடு பத்திக்கொண்டு போனார்கள். பிறகு சீமைக்கருவேல் வந்தது. ஆள் உயரம் வளர்ந்து, ஆளை மறைத்து வளர்ந்து, ஆடும் நுழைய முடியாமல், ஆடு மேய்க்கிறவளும் நுழைய முடியாமல், நடுவில் இருந்த ஊருணி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகிற அளவுக்கு வளர்ந்து அது காட்டை மூடிக்கொண்டது. ஓரத்தில் புஞ்சை வைத்திருந்தவர்கள் வருஷத்துக்கு நாலு முழம் வேலியை உள்ளே தள்ளிப் போட்டார்கள். வேலி போட வக்கில்லாதவர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டார்கள்.

இருளாயி ஊரின் மகளிர் குழுவுக்குத் தலைவி. கண்மாயின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற எருமை எழுந்து வரும், அப்படி ஒரு குரல் அவளுக்கு. மேய்க்க இடமில்லாமல் தன் கடைசி ஆட்டையும் விற்ற வருஷத்திலிருந்து, காலிப் பட்டியைக் காலையில் எழுந்ததும் பார்க்கிற வெறுமை அவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது. குழுவின் வேலையாக டவுனுக்குப் போன இடத்தில், பொதுநிலத்தைப் பராமரிக்க ஊராருக்குச் சொல்லிக்கொடுக்கவும் அதில் அவர்களைப் பங்கெடுக்க வைக்கவும் ஓர் அறக்கட்டளை சிறு நல்கை தருகிறது என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். அது கிடைத்தும் விட்டது. நல்கை என்ற சொல் ஊர் வாயில் நுழையவில்லை. "நம்ம ஊருக்கு நல்ல கை ஒண்ணு வந்திருக்காம்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

வில்லாயுதத்துக்கு மட்டும் அந்தக் கை பிடிக்கவில்லை. மந்தைக்காட்டின் ஊருணிக் கரையை வளைத்து முள்வேலி போட்டு, அங்கே சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். அந்தக் கரியில்தான் அவர்கள் மகள் மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரான் காட்டுல நான் மட்டுமா வேலி போட்டிருக்கேன்? எல்லாப் பயலும் போட்டிருக்கான். நீ எதுக்குப் புள்ள என் அடுப்புல தண்ணி ஊத்துற?" என்றான்.

"உங்க அடுப்ப ஆரு அணைக்கச் சொன்னா? வந்து உக்காந்து பேசுங்கன்னுதான் சொல்றேன்" என்றாள் இருளாயி.

அவன் வரவில்லை. மற்றவர்களும் அப்படியொன்றும் வந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சமுதாயக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, மைக் செட் வைத்து, டீயும் போண்டாவும் போட்டால், போண்டா சூடாக இருக்கிற வரைக்கும் நாலைந்து பேர் இருந்தார்கள். அதிலும் மேலத்தெரு ஜன்னல் ஓரத்திலும் கீழத்தெரு வாசல் ஓரத்திலுமாக உட்கார்ந்தார்கள், நடுவில் ஜமுக்காளம் அப்படியே வெறுமையாய்க் கிடந்தது. அறக்கட்டளையிலிருந்து பாடம் சொல்ல வந்த தேவசகாயம் சார் பொறுமையான மனுஷன், முழங்கால் வலியோடு டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர். எந்தப் புல்லை எந்த மாதம் விதைக்கணும், எந்தப் பகுதியை எத்தனை நாள் மேய்ச்சலுக்கு அடைக்கணும் என்று படம் போட்டுப் படம் போட்டுச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் எழுந்துபோன பிறகு, மிச்சம் இருந்த டீயைக் குடித்துக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னார்: "சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் வந்து உக்காரணும்மா. இல்லைன்னா நாம நடத்துறது கூட்டமில்ல, டீக்கடை."

அந்த வார்த்தை இருளாயிக்குச் சுட்டுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கண்மாய்க் கரையேறி நடந்தாள். மந்தைக்காட்டின் விளிம்பில் முள்ளுக்கு வெளியே நின்றாள். உள்ளே எங்கேயோ புருஷனின் மூட்டம் புகைகிற வாசனை வந்தது, ஆளைக் காணோம். ஆள் அப்போது கூத்தனேந்தல் டீக்கடையில் இருந்தான், அது அவளுக்குத் தெரியாது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் குரலில் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"கூட்டத்துக்கு வாங்க! உங்களப் பத்தித்தான் பேசுறோம், நீங்க இல்லாம நாங்க என்னத்தப் பேச? இன்னைக்கு ஒரு நாளாச்சும் வந்து உக்காருங்க!"

முள்ளுக்குள்ளிருந்து ஒரு கௌதாரி பறந்தது. அவள் முந்தானையை உதறிக்கொண்டு திரும்பி நடந்து, சமுதாயக்கூடத்தைத் திறந்து, ஜமுக்காளத்தை விரித்து நிமிர்ந்தபோது, காய்ந்த ஆவாரம்பூ வாசனையும் ஆட்டுப்புழுக்கை வாசனையும் வெயில் ஏறாத மண்ணின் வாசனையும் கலந்து வந்தது. வாசலைப் பார்த்தாள். முதல் படியைத் தொட்டுக்கொண்டு மந்தைக்காடு கிடந்தது. அவள் பின்னாலேயே வந்திருந்தது.

சத்தமில்லை, நடுக்கமில்லை, ஒரு வீட்டின் ஓடும் நழுவவில்லை. சமுதாயக்கூடத்துக்கு முன்னால் இருந்த சின்னத் திடலில், சீமைக்கருவேலும் கரையானும் ஓணானும் உடைந்த எல்லைக்கற்களும் யார் யாரோ போட்ட வேலிகளுமாக, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் அது கிடந்தது. அத்தனை பெரிய காடு இத்தனை சின்னத் திடலில் எப்படிக் கொண்டது என்று பின்னால் வெளியூர்க்காரர்கள்தான் கேட்டார்கள். உள்ளூரில் யாரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் ஆள் வர வர இடம் கிடைத்துக்கொண்டே போகிறதில்லையா, அந்த மாதிரி என்று விட்டுவிட்டார்கள்.

சேதி பரவி ஊரே வந்து நின்றது. தூரத்தில் நின்றார்கள். கடைசியில் இருளாயியின் நாத்தனார் அங்காளிதான் வாயைத் திறந்தாள். "ஏ மதினி, கூப்பிட்டு வந்தவுகள வாசல்லயே வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறியே, ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டியா?"

இருளாயி உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். படியில் குந்தி உட்கார்ந்து, வந்தவர் கையில் ஊற்றுகிற மாதிரியே மெதுவாக ஊற்றினாள். மண் குடித்தது. தாகத்தோடு வந்த ஆள் தொண்டை நனைகிறபோது போடுகிற சத்தம், மடக் மடக்கென்று, கூட்டத்தின் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. செம்பு காலியானதும் ஒரு பெருமூச்சு. அந்த மூச்சில் சமுதாயக்கூடத்து ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன, மைக் செட்டின் மேல் போட்டிருந்த துணி பறந்தது, முன்னால் நின்றவர்கள் முகத்தில் எல்லாம் ஈரம் பட்டது. ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். யாரும் சொல்லவில்லை, தன்னால் அவிழ்த்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தண்ணீர். குழாயடியில் வரிசையில் நின்று சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மேலத்தெருக் குடமும் கீழத்தெருக் குடமும் ஒரே மண்ணில் சரிந்தன, குடித்த மண் எது யார் தண்ணீர் என்று பிரித்துச் சொல்லவில்லை.

பத்து மணி பஸ்ஸில் தேவசகாயம் சார் இறங்கினார். பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, கையில் சுருட்டி வைத்திருந்த காட்டின் வரைபடத்தை விரிக்காமலேயே பைக்குள் திணித்தார்.

"இனிமே இது எதுக்கும்மா, அவங்களே வந்துட்டாங்களே" என்றார்.

அன்றைக்கு நடந்த கூட்டம் மாதிரி அதுவரை நடந்ததில்லை. யார் எங்கே உட்காருவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல், முள் இல்லாத இடம் எங்கே இருந்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். சார் ஒரு செடியைத் தொட்டு இது கொழுக்கட்டைப் புல் என்றார், இது வேர்விட்டால் மண் நகராது, ஆடும் விரும்பும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் காலடியில் கிடந்த காய்ந்த தூர் ஒன்று பச்சை விட்டது. குழந்தைகள் கைதட்டவில்லை, பெரியவர்கள் வாயைப் பிளக்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ஒரு பிள்ளை எழுந்து நின்றது போல, எல்லோரும் அதைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

சாயங்காலம் சார் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்து வைத்தார். ஊரார் எழுந்து போனார்கள். காடு போகவில்லை.

மறுநாளும் போகவில்லை. "கூட்டம் முடிஞ்சுதுன்னு நாமளாச் சொல்லிக்கிட்டோம். அது ஒத்துக்கலை" என்றாள் அங்காளி.

தலையாரி பூமிநாதன் நிலம் அளக்கிற சங்கிலியோடு போய்க் காடு இருந்த பழைய இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பள்ளம் இல்லை, வெட்டவெளி இல்லை, ஒன்றும் இல்லை. கிடைக்குறிச்சியின் கடைசி வரப்பில் இருந்து எடுத்து வைத்த காலை அவர் கூத்தனேந்தல் முதல் வரப்பில்தான் ஊன்றினார். இரண்டு ஊரும் துணியைக் கிழித்துத் தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. டவுன்பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட, டிரைவர் ஒவ்வொரு நடையிலும் இறங்கி ஒரு டீ குடிக்க வேண்டியதாயிற்று. கூத்தனேந்தலில் கட்டிக்கொடுத்த பெண்கள் குழம்பு கொதிக்கிற நேரத்தில் தாய் வீட்டுக்கு வந்து கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊர் அதோடு வாழப் பழகிவிட்டது. காலையில் வாசல் தெளிக்கிறவர்கள் கூடவே அதற்கும் ஒரு வாளி தெளித்தார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் ஓரமாய்க் கட்டி மேய்த்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து கரையான் புற்றைக் காட்டினார். விருந்தாளி வந்த வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை போட முடியாதே, ஊரில் சண்டை குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. அத்தனை நாளும் கண்காணாத இடத்தில் இருந்த வேலிகள் இப்போது எல்லோர் கண்ணிலும் பட்டன. படுத்திருக்கிற ஓர் உடம்பின் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டின மாதிரி அவை தெரிந்தன, கட்டினவன் யார் என்றும் தெரிந்தது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவன் காலையில் பல் துலக்கப் போகிறவன் போலப் போய்த் தன் வேலியைப் பிடுங்கினான். இன்னொருவன் விறகு பொறுக்குகிறவன் போலப் பிடுங்கினான். தலையாரியே ஒன்று போட்டிருந்தார், அவர் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பிடுங்கினார். பிடுங்கின இடத்தில் எல்லாம் மண் தோளைக் குலுக்கித் தளர்வதை, பக்கத்தில் நின்றவர்கள் உள்ளங்காலில் உணர்ந்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு வேலி மிஞ்சியது.

காடு வந்த அன்றைக்கு வில்லாயுதம் கூத்தனேந்தலில் டீ குடித்துவிட்டுத் தன் மூட்டத்துக்குத் திரும்ப எட்டு வைத்தவன், கிடைக்குறிச்சி வரப்பில் நின்றான். அப்படியே வீட்டுக்குப் போய்ச் சுவர் பார்த்துப் படுத்தவன் எழவில்லை. திடலின் பக்கம் தலை வைக்கவில்லை.

"ஊர் முன்னால என்னய அம்மணமா நிறுத்திப்புட்ட" என்றான் சுவரைப் பார்த்தபடி.

இருளாயி கஞ்சிக் கும்பாவைப் பக்கத்தில் வைத்தாள். "நான் கூப்பிட்டது உங்களத்தான்."

"என் காட்ட இழுத்துக்கிட்டு வந்துட்டு எங்கிட்டயே..."

"யாரு காடு?"

அவன் விரலால் சுவர்க் காரையைச் சுரண்டினான். பிறகு குரல் இறங்கி, "பிள்ளைக்கு இன்னும் படிப்பு முடியல இருளாயி. வேலியப் பிடுங்குன்னு சுலுவாச் சொல்லிருவாக. அப்புறம் நான் எங்க போயி வெட்ட, எதப் போட்டு எரிக்க?" என்றான்.

அந்தக் கேள்விக்கு ஒரு வழி யோசிக்காமலே கூட்டம் கூட்டிவிட்டோமே என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக உறைத்தது. மகளின் முகமும் அந்தக் காய்ந்த மண் தண்ணீர் குடித்த சத்தமும் மாறி மாறி வந்தன. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆறிப்போன கஞ்சியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காடு வந்தபோது அதோடு கூடவே வில்லாயுதத்தின் மூட்டமும் வந்திருந்தது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, தழை மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளுக்குள்ளேயே கனிய விட்ட மூட்டம். வேலிக்கு உள்ளே, ஊருணிக் கரையில் அது புகைந்துகொண்டே இருந்தது. காற்று நுழையாமல் பார்த்துக்கொண்டால் கரியாகும், வெடிப்பு விட்டால் நெருப்பாகும். பார்த்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, சார் பஸ்ஸிலிருந்து இறங்கி எல்லோரும் கூடி உட்கார்ந்த மத்தியான நேரத்தில், ஆடிக்காற்று எழுந்து அடித்த அடியில் மூட்டத்தின் தோள்பட்டை பிளந்தது.

முதலில் புகை கருத்தது. பிறகு ஒரு நாக்கு வெளியே வந்து சீமைக்கருவேலின் உச்சியைத் தொட்டது. காற்று ஊரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எழுந்து ஓடிப் படியேறினார்கள். அப்போது காடு முனகியது. சினைமாடு வலியில் போடுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து எழும்பிய முனகல் அது. படியில் நின்றவர்கள் காதைப் பொத்தவில்லை, நெஞ்சைப் பொத்தினார்கள்.

சுவர் பார்த்துப் படுத்திருந்த வில்லாயுதத்துக்கும் அது கேட்டது.

அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன் வேலிக்குள் இருந்தான், தன் கையால் கட்டிய முள்வேலியைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்துகொண்டிருந்தான். "வாங்கய்யா உள்ள! வேலியில்ல, வாங்க! தண்ணி மட்டும் ஊத்தினா வெடிக்கும், மொதல்ல மண்ணப் போடுங்க! வெடிப்ப மூடுங்க!" என்று கத்தினான்.

இருளாயிதான் முதலில் ஓடினாள். அவளுக்குப் பின்னால் அங்காளி, பூமிநாதன், முழங்காலை மறந்த தேவசகாயம் சார், அதற்குப் பின்னால் ஊர். ஊருணியின் காய்ந்த வண்டலைக் கையால் பறித்து, முந்தானையிலும் துண்டிலும் ஜமுக்காளத்திலும் அள்ளிக்கொண்டுவந்து கொட்டினார்கள். குழாயடியிலிருந்து திடல் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் குடம் வந்தது. வில்லாயுதம் நெருப்புக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, கொட்டின மண்ணைக் குழைத்துக் குழைத்து வெடிப்பில் அப்பினான். அவன் எதிரில் இருளாயி அப்பினாள். உள்ளங்கைக்குக் கீழே மண் விம்மி விம்மித் தணிவதை இரண்டு பேரும் உணர்ந்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுக்கிறபோது உணர்கிற அதே விம்மல். அவன் அவளைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர், புகையினால் மட்டும் வந்தது இல்லை.

"உசுரு இருக்கு புள்ள இதுக்கு" என்றான்.

"ஆமா" என்றாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு நெருப்பு அடங்கியது. ஊரே கரியும் சேறுமாக அங்கேயே, கருகின இடத்தைச் சுற்றி, எப்படி எப்படி நின்றார்களோ அப்படியே உட்கார்ந்தது. மேலத்தெரு எது கீழத்தெரு எது என்று அந்தக் கரிமூஞ்சிகளில் கண்டுபிடிக்க முடியாது. வண்டல் பறித்த இடத்தில் ஊருணியின் பள்ளம் ஓரளவுக்கு வாய் திறந்திருந்தது. வராத ஆள் என்று ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை.

தேவசகாயம் சார் மைக் இல்லாமல் பேசினார். "இந்த நிலம் எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, கேட்டுக்கிடுறேன்."

சொன்னார்கள். ஊருணியைத் தூர்வாரணும் என்றது ஒரு குரல். பாதியை அடைத்துப் பாதியை மேய்க்கணும், மழைக்கு மழை மாற்றிக்கணும் என்றது இன்னொன்று. ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் மண்ணுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு முட்டு முட்டியது, தாய் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிற மாதிரி, அதைத் தெரிந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீமைக்கருவேலை வேரோடு எடுக்கணும் என்று பூமிநாதன் சொன்னபோது எல்லோர் தலையும் வில்லாயுதத்தின் பக்கம் திரும்பியது.

இருளாயி எழுந்தாள்.

"எடுக்கணும். ஆனா நாளைக்கே எல்லாத்தையும் எடுத்துட முடியாது, வருசக்கணக்காகும். எடுக்குற கட்டை அம்புட்டும் என்னவாகும்? அத இவரு கரியாக்கட்டும். வேலி போட்டு இல்ல, ஊரு சொல்ற இடத்துல, ஊரு சொல்ற வரிசையில. வேர எடுத்த குழியில புல்லு போட்டுக்கிட்டே பின்னால நாங்க வாரோம். எம் பிள்ள படிப்பும் நிக்கக் கூடாது, இந்தக் காடும் சாகக் கூடாது. ரெண்டும் வேணும் எனக்கு. தப்பா இருந்தா சொல்லுங்க."

யாரும் தப்பு என்று சொல்லவில்லை. எல்லோரும் வில்லாயுதத்தைப் பார்த்தார்கள். அவன் குனிந்து தன் கையிலிருந்த சேற்றைப் பார்த்தான்.

"வேரோட எடுக்குறது லேசில்ல. ஒரு கை பத்தாது" என்றான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். "நீங்களும் வந்தா, நானும் வாறேன்."

அவன் அதைச் சொல்லி வாய் மூடினதும் காற்று நின்றது. ஓணான் தலையாட்டுவதை நிறுத்தியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு முதல் ஆட்டு ஆட்டுகிறபோது எப்படி இருக்குமோ அப்படி ஒரு மெத்தென்ற அசைவு தெரிந்தது. சமுதாயக்கூடத்தின் படிகள் விலகின. குழாயடி விலகியது. தெருவிளக்குக் கம்பங்களும் கோயில் அரசமரமும் மெல்ல மெல்லச் சிறுத்தன. அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் கை என்று பார்க்காமல் பிடித்துக்கொண்டு. கண்மாய்க் கரை அவர்களுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. கொக்குகள் எழுந்து வழிவிட்டன. அங்காளி தன் பேரனை மடியில் இறுக்கிக்கொண்டு, "போகுதுடா, வீட்டுக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தேவசகாயம் சார் கண்ணை மூடியிருந்தார், உதடு எதையோ முணுமுணுத்தது.

நின்றபோது அது தன் இடத்தில் நின்றது, அவர்களும் அதோடு நின்றார்கள்.

ஊரில் பாதிப்பேர் பல வருஷமாகக் கால் வைக்காத இடம். இளவட்டங்களில் பலர் ஒருமுறைகூட வைக்காத இடம். திடலில் கிடந்தபோது விருந்தாளியைப் போல ஒடுங்கிக் கிடந்த காடு, தன் வீட்டுக்கு வந்ததும் கையையும் காலையும் நீட்டிப் படுத்தது. கூத்தனேந்தல் தூர விலகிப் புள்ளியாயிற்று. தலைக்கு மேலே வானம் தன் கூடாரத்தை அவிழ்த்து நாலா பக்கமும் இழுத்துக் கட்டியது. மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான், அவன் வெளிச்சம் ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு துளியாய் நின்றது.

"இம்புட்டா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது யார் என்று தெரியவில்லை. ஊரே கேட்டது போலத்தான் இருந்தது. "இம்புட்டும் நம்மளதா?"

இருளாயி எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கீழே குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்குப் போகணுமே. ஊருக்கு நடக்க வழி இல்லை, வழியெல்லாம் சீமைக்கருவேல். வில்லாயுதம் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அவன் வெட்டி ஒதுக்கின இடத்தில் இருளாயி கால் வைத்தாள், அவள் கால் வைத்த இடத்தில் அங்காளி வைத்தாள், ஒருவர் பின் ஒருவராக ஊரே ஒற்றைத் தடத்தில் நடந்தது. பிள்ளைகள் தோளில் ஏறினார்கள். சாரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கண்மாய்க் கரைக்குக் கொஞ்சம் முன்னால் இருளாயி "ஸ்..." என்று நின்றாள். வில்லாயுதம் திரும்பினான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து, பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு முள்ளை ஒடித்து, அதனால் பாதத்தில் தைத்திருந்த முள்ளைக் குடைந்து எடுக்கத் தொடங்கினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் முன்னால் அவன் அவள் விரலைக்கூடத் தொட்டதில்லை. தடம் ஒருவர் போகிற அகலம்தான், முன்னால் தாண்டிப் போக வழியில்லை. பின்னால் ஊரே நின்றது. ஒருவரும் கேலி பேசவில்லை, ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. மறைகிற வெளிச்சத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

வந்தது. அவன் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான், அது எந்த மரத்து முள் என்று பார்க்கிறவன் போலப் பக்கத்து மரத்தையும் பார்த்தான்.

"நாளைக்கு இங்கருந்து ஆரம்பிப்போம்" என்றான்.

அவள் காலை ஊன்றி எழுந்தாள். வரிசை நகர்ந்தது.